பழனியின் திருவிழா ஆண்டும் நமது பிறைக் கணக்கும்

2025 ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பழனியில் தைப்பூசத் தேரோட்டம். அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழன் இரவு, நமக்கு பராஅத் இரவு. அடுத்த ஆண்டும் இப்படியே அமைந்தது. 2026 பிப்ரவரி 1 இல் தைப்பூசம். பிப்ரவரி 3 இரவு பராஅத். ஒரு பக்கம் பாதயாத்திரைக் கூட்டம் இன்னும் ஊரை விட்டுக் கலையவில்லை. மறுபக்கம் நம் வீடுகளில் இரவுத் தொழுகைக்கும் மறுநாள் நோன்புக்கும் ஆயத்தம்.

இது தற்செயல் அல்ல. பழனியின் பெரிய திருவிழாக்களுக்கும் நமது ஹிஜ்ரி மாதங்களுக்கும் இடையே வானத்தில் ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், எந்த ஆண்டில் நமது நோன்பும் ஊர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழனியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும், அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினர்களுக்கும் இது பயன்படும் செய்தி.

ஊரும் அதன் தேர் வீதிகளும்

திண்டுக்கல்லில் இருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திண்டுக்கல் – பொள்ளாச்சி ரயில் பாதையில் அமைந்த ஊர் பழனி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியில் வசித்தவர்கள் சுமார் 70,000 பேர். பெரிய திருவிழா நாட்களில் இந்த எண்ணிக்கையைப் போல் பல மடங்கு மக்கள் வந்து போகிறார்கள். குடிநீர், சாலை, பேருந்து, மருத்துவமனை என எல்லாமே அந்தச் சில நாட்களில் வேறு கணக்கில் ஓடும். இந்தச் சுமையை ஊர்வாசிகள் எல்லோரும் மத வேறுபாடு இல்லாமல் சுமக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் பழனி என்றால் மலைக்கோயிலை மட்டுமே நினைப்பார்கள். ஆனால் திருவிழாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயில், மலையடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடி, மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணி கோயில் என மூன்று மையங்கள் உண்டு.

தைப்பூசத்துக்குக் கொடியேற்றுவது பெரியநாயகி அம்மன் கோயிலில். தேர் ஓடுவதும் அக்கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில். அதாவது கடைவீதிப் பக்கம். பங்குனி உத்திரத்துக்குக் கொடியேற்றம் திருஆவினன்குடியில். தேர் ஓடுவது மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில். எனவே தைப்பூசத்தில் எந்தத் தெரு அடைபடும், பங்குனி உத்திரத்தில் எந்தத் தெரு அடைபடும் என்பது வேறு வேறு. பள்ளிவாசலுக்குப் போகும் வழியைத் திட்டமிடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இது.

பழனியின் ஆண்டுச் சுற்று

ஊரின் ஆண்டை வரிசையாகப் பார்ப்போம்.

*தைப்பூசம் (ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதிக்குள்):* பத்து நாள் விழா. பாதயாத்திரைக்குப் பேர்போனது. செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாகக் காவடியுடன் நடந்து வருவது பல நூற்றாண்டு வழக்கம். சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்த பிறகு வந்து, மலைமேல் இரவு தங்கிப் பஞ்சாமிர்தம் தயாரிக்கிறார்கள். ஆகவே தேரோட்டம் முடிந்தாலும் கூட்டம் உடனே குறைவதில்லை. 2021 முதல் தைப்பூசம் தமிழகத்தில் அரசு பொது விடுமுறை நாள். உள்ளூர்க் கூட்டமும் அதனால் கூடியிருக்கிறது.

*பங்குனி உத்திரம் (மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதிக்குள்):* இதுவும் பத்து நாள். கொடுமுடியில் காவிரி நீர் எடுத்து வரும் தீர்த்தக் காவடிகள் இதன் சிறப்பு. ஈரோடு, கோவைப் பகுதிக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் அதிகம்.

*அக்னி நட்சத்திர கிரிவலம் (மே):* சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் அதிகாலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றி நடப்பார்கள். பெரிய விழாக்களில் நிலவைப் பார்க்காமல் சூரியக் கணக்கிலேயே நிற்பது இது. எல்லா ஆண்டும் ஏறத்தாழ மே 8 முதல் 21 வரை.

*வைகாசி விசாகம் (மே – ஜூன்):* பெரியநாயகி அம்மன் கோயிலைச் சார்ந்த பத்து நாள் விழா.

*கந்த சஷ்டி (அக்டோபர் – நவம்பர்):* தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் விரதம். ஆறாம் நாள் கிரிவீதியில் சூரசம்ஹாரம்.

*கார்த்திகை (நவம்பர் – டிசம்பர்):* திருக்கார்த்திகை விழா. இதே காலத்தில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் பழனி வழியாகப் போவதால், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஊரில் இடைவிடாத நடமாட்டம்.

இவை தவிர ஒருமுறை நிகழ்வுகளும் வரும். 2023 ஜனவரி 27 அன்று நடந்த மலைக்கோயில் குடமுழுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள். 2024 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு பழனியில் நடந்தது. இப்படிப்பட்ட நிகழ்வுகளைக் கணக்கிட முடியாது. அறிவிப்பைப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வரும் விழாக்களை ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம்.

இரண்டு நாட்காட்டிகள், ஒரே நிலவு

நமது ஹிஜ்ரி ஆண்டு முழுக்க முழுக்கச் சந்திரனைக் கொண்டது. 354 அல்லது 355 நாட்கள். அதனால் ஆங்கிலத் தேதிப்படி ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னே நகரும். சுமார் 33 ஆண்டுகளில் ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும்.

தமிழ் மாதம் சூரியனைக் கொண்டது. தை எப்போதும் ஜனவரி நடுவில்தான் பிறக்கும். ஆனால் தைப்பூசம் என்ற நாளைத் தீர்மானிப்பது தை மாதமும் பூச நட்சத்திரமும் சேர்ந்து. நட்சத்திரம் என்பது அன்று வானில் சந்திரன் நிற்கும் இடம். தை மாதத்தில் சூரியன் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில்தான் பூச நட்சத்திரம் இருக்கிறது. சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் வந்தால் அது முழு நிலவு. எனவே தைப்பூசம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். பங்குனியில் உத்திரம், வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை எல்லாமே இதே கணக்குதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். நமது மாதம் பிறை கண்டு தொடங்குகிறது. முழு நிலவு வருவது 13, 14, 15 ஆம் நாட்களில். அய்யாமுல் பீழ் என்று சுன்னத்தான நோன்பு வைக்கும் வெள்ளை நாட்கள் இவையே. ஆகவே பழனியின் இந்த நான்கு திருவிழாக்களும் எந்த ஆண்டில் வந்தாலும், ஏதோ ஒரு ஹிஜ்ரி மாதத்தின் நடுப்பகுதியில்தான் வந்தாக வேண்டும்.

இதை ஒரு சிறு அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். பிறை தென்படுவதைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம்.

- பிறை 5, 6: கந்த சஷ்டி மாதமானால் சூரசம்ஹாரம்
- பிறை 6, 7: தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற பத்து நாள் விழாக்களின் கொடியேற்றம்
- பிறை 12 முதல் 15 வரை: தேரோட்டம், உச்சக்கட்டக் கூட்டம்
- பிறை 15 முதல் 18 வரை: விழா நிறைவு
- பிறை 20 முதல் மாத இறுதி வரை: பெரும்பாலும் ஊர் ஓய்ந்திருக்கும்

2025 தைப்பூசத்தையே சரிபார்க்கலாம். கொடியேற்றம் பிப்ரவரி 5. ஷஃபான் பிறை 6. தேரோட்டம் பிப்ரவரி 11; பிறை 12. தெப்பத் திருவிழா பிப்ரவரி 14, பிறை 15. அன்று வெள்ளிக்கிழமை வேறு.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு நிம்மதியான செய்தியும் கிடைக்கிறது. நோன்புப் பெருநாள் பிறை 1 இல் வருவது. ஆகவே தேரோட்டமும் நோன்புப் பெருநாளும் ஒரே நாளில் மோதிக்கொள்ள வழியே இல்லை. ரமளானின் கடைசிப் பத்து இரவுகளிலும் தேர்க்கூட்டம் இருக்காது. மோதல் வருவதானால் ரமளானின் நடுப்பகுதியில் மட்டும்தான்.

நோன்பும் திருவிழாவும் சேர்ந்த ஆண்டுகள்

2023 இல் தமிழகத்தில் மார்ச் 24 அன்று ரமளான் பிறந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் பங்குனி உத்திரம். அதாவது நோன்பு 12, 13 வாக்கில். 2024 இல் மார்ச் 12 இல் நோன்பு தொடங்கியது; மார்ச் 24, 25 இல் பங்குனி உத்திரம். மறுபடியும் நோன்பு 13, 14. இரண்டு ஆண்டும் கோடை வெயிலில், தீர்த்தக் காவடிக் கூட்டத்துக்கு நடுவே நம்மவர்கள் நோன்பு நோற்றார்கள். 2025 இல் மார்ச் 31 அன்றே பெருநாள் வந்துவிட்டதால், ஏப்ரல் 11 பங்குனி உத்திரம் ரமளானுக்கு வெளியே போய்விட்டது.

அடுத்து வரப்போவது தைப்பூசத்தின் முறை. கணக்குப்படி 2028 ஜனவரி கடைசியில் ரமளான் தொடங்கும். தைப்பூசம் பிப்ரவரி 9 வாக்கில். 2029 இல் ரமளான் ஜனவரி 16 வாக்கில். தைப்பூசம் ஜனவரி 30 வாக்கில். 2030 இல் ரமளான் ஜனவரி 6 வாக்கில். தைப்பூசம் ஜனவரி 19 வாக்கில். தொடர்ந்து மூன்று ஆண்டுகள், தைப்பூசத் தேரோட்டம் ரமளானின் நடுவில் வருகிறது. 2031 இல் தைப்பூசம் மீண்டும் பிப்ரவரிக்குத் தாவிவிடும். ரமளானோ டிசம்பர் கடைசிக்கே போய்விடும்.

இதற்கு முன் தைப்பூசமும் ரமளானும் சேர்ந்த ஆண்டு 1997. அன்று அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தராவீஹ் போன பிள்ளைகள், இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வயதில் இருக்கிறார்கள். அன்று எப்படிச் சமாளித்தோம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஹஜ்ஜுப் பெருநாள் பிறை 10 இல் வருவதால், அது பத்து நாள் விழாவுக்குள் வரலாம். 2025 இல் அப்படித்தான் ஆனது. ஜூன் 7, சனிக்கிழமை பெருநாள். ஜூன் 9 வைகாசி விசாகம். குர்பானி கொடுக்கும் நாட்களும் அண்டை வீட்டார் விரதம் இருக்கும் நாட்களும் ஒன்றாக அமைந்தன. இப்படிப்பட்ட ஆண்டில் அறுக்கும் இடத்தை மறைவாக அமைப்பது, கழிவை அன்றே அப்புறப்படுத்துவது, இறைச்சியை மூடிய பையில் கொண்டுபோவது ஆகியவற்றில் வழக்கத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். சுத்தம் நமக்கு எப்போதும் கடமைதான். அந்த நாட்களில் அது அண்டை வீட்டாரின் மனதைக் காப்பதும் ஆகும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

பழனியில் வியாபாரம் என்பது பெரும்பகுதி திருவிழாவை நம்பியது. பழம், துணி, பாத்திரம், பொம்மை, உணவகம், தங்கும் விடுதி, வாகனம் என எந்தத் தொழிலில் இருந்தாலும் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில்தான் வருகிறது. சுற்றுவட்டாரமும் அப்படியே. ஆயக்குடி கொய்யா, விருப்பாச்சி மலை வாழை, ஒட்டன்சத்திரம் காய்கறி எல்லாம் இந்தக் கூட்டத்தால் விலை பெறுகின்றன. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. அதில் சேரும் பேரீச்சம்பழம், நம் இஃப்தார் தட்டிலும் முதலில் இருப்பது.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். கிரிவீதி ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து, 2024 இல் அங்கே கடைகள் அகற்றப்பட்டன. தனியார் வாகனங்களும் தடுக்கப்பட்டன. பக்தர்கள் நடப்பதற்கு இது வசதி. ஆனால் அந்த வீதியை நம்பியிருந்த சிறு வியாபாரிகள் எல்லா மதத்தினரும் பாதிக்கப்பட்டார்கள். திருவிழாவுக்கென்று கடன் வாங்கிச் சரக்கு எடுப்பவர்கள், கடை போட அனுமதி எங்கே, எவ்வளவு நாள் என்பதை எழுத்தில் உறுதி செய்த பிறகே முதலைப் போட வேண்டும். வட்டிக்கு வாங்கிச் சரக்கை நிரப்பி, கடைசி நேரத்தில் இடம் இல்லை என்றானால், இழப்பு ஒரு ஆண்டோடு நிற்காது. நம் ஜமாஅத் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடனைத் திருவிழாக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னதாக வழங்க முடிந்தால், அது பெரிய உதவி.

2028 முதல் 2030 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு இன்னொரு ஏற்பாடும் தேவை. ஜனவரி கடைசியில் பழனியில் மாலை ஆறே கால் மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையே நோன்பு திறக்கும் நேரம். கடையில் கூட்டம் அலைமோதும் நேரமும் அதுவே. நோன்பு வைக்கும் பணியாளர்களை இரண்டு பிரிவாக மாற்றி அனுப்புவது, கடையிலேயே தண்ணீரும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொள்வது, மக்ரிப் தொழ ஒரு ஓரத்தை ஒதுக்குவது போன்றவற்றை முதலாளிகள் முன்பே யோசிக்கலாம்.

மலைக்கு வேடிக்கை பார்க்கப் போகலாமா?

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் பிள்ளைகள் கேட்பது, வின்ச்சில் ஏறிப் பார்க்கலாமா, ரோப் காரில் போகலாமா என்பதுதான். இதில் சட்ட நிலையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு வழங்கியது. கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்; நம்பிக்கையோடு வழிபட வரும் பிற மதத்தவரிடம் உறுதிமொழி பெற வேண்டும்; கோயில் சுற்றுலாத் தலமல்ல என்று அத்தீர்ப்பு கூறியது. அந்த வழக்கு எழுந்ததே பழனியில்தான்.

இதைக் கேட்டுச் சிலர் மனம் வருந்தினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையின் நிழலில் வாழ்பவர்களுக்கு அந்த வருத்தம் இயல்பு. ஆனால் நமது பள்ளிவாசலைப் பிறர் வேடிக்கைப் பொருளாக்குவதை நாம் விரும்ப மாட்டோம். வழிபாட்டு இடத்தை வழிபடுபவர்களுக்கு விட்டுவிடுவது நம் மார்க்கத்தோடும் ஒத்துப்போகிறது. பிள்ளைகளுக்குக் கோபமில்லாமல், இந்தக் காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பது பெற்றோரின் பொறுப்பு. இயற்கையைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையும் பாலாறு – பொருந்தலாறு அணையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

அண்டை வீட்டாரோடு

அண்டை வீட்டாரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். திருவிழாக் காலத்தில் அதைச் செயலில் காட்டச் சில வழிகள்:

மாலை போட்டு விரதம் இருக்கும் வீட்டுக்கு அந்த நாட்களில் பிரியாணியோ, கறி சேர்த்த நோன்புக் கஞ்சியோ அனுப்ப வேண்டாம். அன்போடு அனுப்பினாலும் அவர்களுக்குச் சங்கடம். பழமோ பேரீச்சம்பழமோ கொடுக்கலாம். விரதம் முடிந்ததும் பிரியாணி அனுப்பினால் மகிழ்ந்து சாப்பிடுவார்கள்.

அதேபோல், பக்கத்து வீட்டு அக்கா பஞ்சாமிர்த டப்பாவை நீட்டினால் என்ன செய்வது என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். படையலாக வைக்கப்பட்ட உணவை நாம் உண்பதில்லை. அதை முகம் சுளித்துச் சொல்லத் தேவையில்லை. "எங்களுக்கு இது வழக்கம் இல்லைங்க அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் இதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

பல நாட்கள் வெறுங்காலோடு நடந்து வருபவர்கள் களைத்துப்போய்த்தான் ஊருக்குள் நுழைகிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும், வழி சொல்வதும், வயதானவர் உட்கார நாற்காலி போடுவதும், குழந்தை தொலைந்தால் காவல் உதவி மையத்தில் சேர்ப்பதும் மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவி. அதில் வழிபாட்டில் பங்கெடுப்பது என்ற பேச்சே இல்லை.

ஜமாஅத்துகள் முன்கூட்டியே செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் பிறந்ததும், அந்த மாத நடுவில் ஊர்த் திருவிழா உண்டா என்று பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுதலாம்.

2. தேரோட்ட நாளோ கொடியேற்ற நாளோ வெள்ளிக்கிழமையானால், ஜும்ஆவுக்கு வரும் வழியையும் வாகனம் நிறுத்தும் இடத்தையும் முந்தைய வாரமே குத்பாவுக்குப் பின் அறிவிக்கலாம்.

3. காவல்துறையும் நகராட்சியும் திருவிழாவுக்கு முன் நடத்தும் ஆலோசனைக் கூட்டங்களில் ஜமாஅத் நிர்வாகிகள் கலந்துகொண்டு, தொழுகை நேரங்களைத் தெரிவிக்கலாம்.

4. திருமணம், மதரஸா ஆண்டு விழா, மீலாத் கூட்டம் போன்றவற்றுக்குத் தேதி குறிக்கும்போது தை, பங்குனி மாதங்களில் பிறை 6 முதல் 18 வரை தவிர்த்தால், மண்டபமும் விடுதியும் வாகனமும் எளிதாகக் கிடைக்கும். பிறை 20 க்குப் பிறகு வைப்பது உத்தமம்.

5. அவசர நோயாளி, கர்ப்பிணிப் பெண்கள் உள்ள வீடுகள், தேரோட்ட நாளில் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வர முடியும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

6. 2028 ரமளானுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் தராவீஹ் நேரம், கஞ்சி விநியோகம், பெண்கள் தொழுகைக்கு வரும் பாதை ஆகியவற்றை இப்போதே பேசி முடிவு செய்து எழுதி வைத்தால், அன்று பொறுப்பில் இருப்பவர்கள் தடுமாற மாட்டார்கள்.

சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குவதாக நம் வேதம் கற்பிக்கிறது. அந்தக் கணக்கில்தான் பழனியின் தேரும் நமது நோன்பும் சில ஆண்டுகளில் அருகருகே வருகின்றன. வானத்தில் அவற்றுக்குள் எந்த நெரிசலும் இல்லை. தெருவில் நெரிசல் வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு, விட்டுக்கொடுத்து, நம் அமலையும் காத்து, அண்டை வீட்டாரின் மனதையும் காத்து அந்த ஆண்டுகளைக் கடக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.